ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் முடிவு எங்கே?

பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட தோட்டங்களைப் பற்றியும், அந்தத் தோட்டத்துப் பள்ளிகளைப் பற்றியும் நம் பிள்ளைகள் எழுதிய ஆய்வேடுகளுக்கு இப்போது பஞ்சமில்லை. ஹுத்தான் மெலிந்தாங், தெலுக் இந்தான், பாகான் டத்தோ வட்டாரத்திலிருந்து ஒரு பிள்ளை தமிழ் படிக்கப் போனால், தஞ்சோங் மாலிமில் இருக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் ஒரு வாய்ப்பு. எல்லார் வாயிலும் அது உப்சிதான். கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை இன்னொன்று. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தின் ஈப்போ வளாகத்துக்குப் போகிறவர்களும் உண்டு. எங்கே போனாலும் கடைசி ஆண்டில் ஓர் ஆய்வு எழுதியாக வேண்டும். தலைப்புக்குப் பெரும்பாலும் ஊர்ப்பக்கம் திரும்புகிறார்கள். தரவு அங்கேதான் எளிதாகக் கிடைக்கும்.

அந்த ஆய்வேட்டை முழுதாகப் படிப்பவர்கள் நெறியாளரும் தேர்வாளர்களும்தான். மற்ற எல்லாரும் படிப்பது ஒரே பக்கம். நன்றியுரைக்குப் பக்கத்தில் வரும் ஆய்வுச் சுருக்கம் அது. மாணவர் பேச்சில் ‘அப்ஸ்ட்ராக்’. பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் தேடுகிறவர் கண்ணில் படுவதும் அதுவே. அந்தப் பக்கத்தில் நம் மாணவர்கள் எதைச் சொல்கிறார்கள், எதை எதற்குப் பின் வைக்கிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள்? நான் படித்துப் பார்த்தவற்றைக் கொண்டு சொல்வதானால், எதற்காக ஆராய்ந்தோம், யாரை ஆராய்ந்தோம், எப்படி ஆராய்ந்தோம் என்பதெல்லாம் வந்துவிடுகிறது. என்ன தெரியவந்தது என்பது மட்டும் வருவதில்லை. வந்தாலும் யாருக்கும் பயன்படாத ஒரு வாக்கியமாக வருகிறது.

இந்தப் பக்கத்துக்கு இன்றுள்ள அளவும் அமைப்பும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் பாதிக் காரணம் அச்சுச் செலவு. அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் யூனிவர்சிட்டி மைக்ரோஃபிலிம்ஸ் நிறுவனம் 1938-இல் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் சுருக்கங்களைத் தொகுத்து வெளியிடத் தொடங்கியது. முழு ஆய்வேடு நுண்படச் சுருளில் கிடக்கும். அதை வாங்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கச் சுருக்கம் உதவும். இடம் குறைவு என்பதால் 350 சொல் என்ற வரம்பு பல காலம் நடப்பில் இருந்தது. மருத்துவ ஏடுகள் 1987-க்குப் பிறகு இன்னும் ஒரு படி போய், நோக்கம், ஆய்வமைப்பு, களம், நோயாளிகள், அளவீடு, முடிவு என்று உள்தலைப்பிட்ட சுருக்கத்தைக் கொண்டுவந்தன. அவசரத்தில் இருக்கும் மருத்துவர் முடிவை மட்டும் தேடிப் படிப்பார் என்ற கணக்கு அது. ஆக, சுருக்கம் பிறந்ததே முழுதும் படிக்க முடியாதவருக்காக.

மொழியியலாளர்கள் இந்தப் பக்கத்தைத் தனி ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டது ஜான் ஸ்வேல்ஸின் பணிக்குப் பிறகு. அவருடைய 1990-ஆம் ஆண்டு நூல், ஓர் ஆய்வுரையை ‘நகர்வு’களாகப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. நகர்வு என்றால், ஒரு வாக்கியமோ சில வாக்கியங்களோ சேர்ந்து வாசகரிடம் செய்யும் ஒரு வேலை. விஜய் பாட்டியா 1993-இல் சுருக்கத்துக்கு நான்கு நகர்வுகள் சொன்னார்: நோக்கம், முறை, முடிவு, முடிவின் பொருள். கென் ஹைலண்ட் 2000-இல் எட்டுத் துறைகளிலிருந்து 800 ஆய்விதழ்ச் சுருக்கங்களை எடுத்துப் பார்த்து, முன்னே ஓர் அறிமுகத்தையும் சேர்த்து ஐந்தாக்கினார். அவர் கண்டவற்றுள் நமக்கு வேண்டியவை இரண்டு. கண்டறிந்ததைச் சொல்லும் நகர்வு ஏறக்குறைய எல்லாச் சுருக்கங்களிலும் இருந்தது. ஆனால் மற்ற நகர்வுகள் துறைக்குத் துறை மாறின. இயற்பியலாரும் பொறியியலாரும் அறிமுகத்தை விட்டுவிட்டு நோக்கம், முறை, முடிவு என்று போகிறார்கள். மானுடக் கலைகள், சமூக அறிவியல் துறையினர் முறையை விட்டுவிட்டு அறிமுகம், நோக்கம், முடிவு என்று எழுதுகிறார்கள். விட முடியாதது முடிவு ஒன்றுதான்.

சீன மாணவர்களின் முதுகலை ஆய்வேட்டுச் சுருக்கங்களை, அச்சான கட்டுரைகளின் சுருக்கங்களோடு ஒப்பிட்ட ரென், லி இருவரின் 2011-ஆம் ஆண்டு ஆய்வும் இங்கே உதவும். அனுபவசாலிகள் நகர்வுகளைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்துகிறார்கள், மாணவர்களோ எல்லாவற்றையும் வைத்துவிடப் பார்க்கிறார்கள் என்றது அது. ஒன்று விடுபட்டால் மதிப்பெண் குறையும் என்ற பயம் எந்த நாட்டு மாணவருக்கும் ஒன்றுதான் போலும்.

இதையெல்லாம் நம் பக்கத்துக்குக் கொண்டுவந்தால் ஒரு சிக்கல் எழுகிறது. நகர்வுகளை எண்ணிப் பார்த்தால் நம் மாணவர்கள் தேறிவிடுகிறார்கள். கீழே இருப்பது நானே கட்டிய பாவனைச் சுருக்கம். தமிழ்ப்பள்ளி ஆய்வுகளைப் புரட்டியவர்களுக்கு இந்த முகம் புதிதாக இராது.

“தமிழ்மொழி உலகின் தொன்மையான மொழிகளுள் ஒன்றாகும். பிழையற எழுதுவது மாணவர்களுக்கு இன்றியமையாததாகும். இவ்வாய்வு நான்காம் ஆண்டு மாணவர்கள் லகர, ளகர, ழகரச் சொற்களை எழுதுவதில் செய்யும் பிழைகளை விளையாட்டு அணுகுமுறைவழிக் களைவதை நோக்கமாகக் கொண்டுள்ளது. தரவுகள் முன்சோதனை, பின்சோதனை, உற்றுநோக்கல், நேர்காணல் ஆகியவற்றின்வழி திரட்டப்பட்டன. இவ்வணுகுமுறை நல்ல பலனை அளித்துள்ளதை ஆய்வின் முடிவு காட்டுகிறது. இவ்வாய்வு ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பெரிதும் துணைபுரியும்.”

ஹைலண்டின் ஐந்தும் இதில் வரிசையாக இருக்கின்றன. அறிமுகம் முதல் இரண்டு வாக்கியம், நோக்கம் மூன்றாவது, முறை நான்காவது, முடிவு ஐந்தாவது, முடிவின் பொருள் ஆறாவது. அளவுகோலை வைத்துப் பார்க்கும் தேர்வாளர் ஐந்துக்கும் சரி போட்டுவிடுவார். ஆனால் ஹுத்தான் மெலிந்தாங்கில் நான்காம் ஆண்டுக்குத் தமிழ் எடுக்கும் ஆசிரியர் இதைப் படித்தால் அவருக்கு என்ன கிடைக்கும்? மூன்று எழுத்திலும் பிழை ஒரே அளவா? ளகரமும் ழகரமும் நம் பேச்சில் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. வாழையும் வாளையும் காதுக்கு ஒன்று. லகரத்துக்கு அந்தக் குழப்பம் அவ்வளவு கிடையாது. அப்படியென்றால் ல-ள பிழையும் ள-ழ பிழையும் வேறு வேறு காரணத்தால் வருகின்றன, ஒரே விளையாட்டு இரண்டையும் சரிசெய்யுமா? விளையாட்டில் வந்த சொல்லை மட்டும் பிள்ளை சரியாக எழுதியதா, புதுச் சொல்லையும் எழுதியதா? ஆய்வேட்டின் நான்காம் இயலில் அட்டவணை போட்டு இதையெல்லாம் அந்த மாணவர் எழுதியிருக்கக்கூடும். சுருக்கத்தில் ‘நல்ல பலன்’ என்ற இரண்டு சொல் மட்டும் தங்கியிருக்கிறது.

முதல் வாக்கியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழின் தொன்மைக்கும் நான்காம் ஆண்டுப் பிள்ளையின் எழுத்துப்பிழைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. திருக்குறள் மனனம், இரட்டைக்கிளவி, வலிமிகும் இடம் என்று எந்தத் தலைப்பாக இருந்தாலும் இந்த வாக்கியம் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கூட்டத் தொடக்கத்தில் தமிழ் வாழ்த்துப் பாடுவது போன்ற ஒரு மரியாதை என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரே பக்கத்தில் முடிக்க வேண்டிய இடத்தில் அது தேவையற்ற செலவு.

இலக்கிய ஆய்வேடுகளின் சுருக்கம் வேறு விதம். அங்கே முன்சோதனையும் பின்சோதனையும் இல்லை. அந்த இடத்தை இயல் பகுப்பு எடுத்துக்கொள்கிறது. முதல் இயல் முன்னுரை, இரண்டாம் இயல் மலேசியத் தமிழ் நாவலின் தோற்றமும் வளர்ச்சியும், மூன்றாம் இயல் தோட்டத் தொழிலாளர் வாழ்வு, நான்காம் இயல் பாத்திரப் படைப்பு, ஐந்தாம் இயல் முடிவுரை. பொருளடக்கத்தை வாக்கியமாக்கி எழுதியதுபோல் இருக்கும். தமிழ்நாட்டு மரபின் சாயல் இதில் தெரிகிறது. அங்கே முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்பே ஆய்வுச் சுருக்கம் ஒன்றைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அது பல பக்கம் வரும், இயல் இயலாக ஆய்வின் கட்டமைப்பைச் சொல்லும். தேர்வாளர்களுக்கு ஆய்வை அறிமுகப்படுத்தும் அலுவலக ஆவணம் அது. அதன் வேலைக்கு அந்த வடிவம் பொருத்தமானதே. ஒரு பக்கச் சுருக்கத்துக்கு அதே அச்சை எடுத்ததுதான் பொருந்தவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின் இந்திய ஆய்வேடுகள் சோத்கங்கா களஞ்சியத்தில் ஏறத் தொடங்கின. இப்போது மலேசிய மாணவரும் அறையில் உட்கார்ந்தபடி மதுரை ஆய்வேட்டைப் பார்த்து எழுதலாம். நல்லதும் வருகிறது, இயல் பட்டியலும் கூடவே வருகிறது.

இந்தப் பழக்கம் ஏன் இவ்வளவு உறுதியாக நிற்கிறது? உடனடிக் காரணம் சாதாரணமானது. மாணவர் முதலில் எழுதுவது ஆய்வு முன்வரைவு, ப்ரோப்போசல். அதில் நோக்கமும் முறையும்தான் இருக்க முடியும். முடிவு இன்னும் பிறக்கவில்லை. ஆய்வு முடிந்த பிறகு அதே பத்தியை எடுத்து, ‘ஆராயப்படும்’ என்பதை ‘ஆராயப்பட்டது’ என்று மாற்றினால் சுருக்கம் தயார். சில சமயம் மாற்ற மறந்த ஒரு ‘படும்’ நடுவில் நின்று காட்டிக்கொடுத்துவிடும். பைண்டிங் கடைக்குப் போவதற்கு முந்தின இரவு எழுதப்படும் பக்கம் இது. நெறியாளர் ஐந்து இயலையும் வரி வரியாகத் திருத்தியிருப்பார். இந்தப் பக்கத்தை அவர் பார்த்திருக்கவே மாட்டார்.

ஆழமான காரணம் ஒன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு நூலை வாசகருக்கு முன்கூட்டி அறிமுகம் செய்யும் கலை தமிழுக்குப் புதிதல்ல. பாயிரம் என்ற பெயரில் அதற்கு இலக்கணமே எழுதி வைத்திருக்கிறோம். இறையனார் களவியலின் உரை அதைப் பேசுகிறது. பவணந்தியின் நன்னூல் அதை வகுத்துத் தருகிறது. சிறப்புப் பாயிரத்தில் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்ற எட்டும் இருக்க வேண்டும்; காலம், களம், காரணம் என்ற மூன்றும் சேர்ந்தால் பதினொன்று. இந்தப் பட்டியலை ஓர் ஆய்வேட்டின் முதல் இயலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வழி என்பது முன்னாய்வுகள், யாருடைய நெறியைப் பின்பற்றி எழுந்தது என்பது. எல்லை ஆய்வு எல்லை. நுதலிய பொருள் ஆய்வுப் பொருள். யாப்பு என்பதற்கு உரையாசிரியர்கள் தொகுத்தது, விரித்தது, தொகைவிரியாகச் செய்தது, மொழிபெயர்த்தது என்று விளக்கம் தருகிறார்கள், அது செய்முறை. பயன் ஆய்வின் முக்கியத்துவம்.

தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதிய சிறப்புப் பாயிரம் இந்த வகையின் முதல் மாதிரி. வேங்கடம் முதல் குமரி வரை என்று எல்லை, வழக்கையும் செய்யுளையும் ஆராய்ந்தது என்று தரவு, முந்து நூல்களைக் கண்டது என்று முன்னாய்வு, நிலந்தரு திருவிற் பாண்டியன் அவை என்று களம் எல்லாம் அதில் உண்டு. அதங்கோட்டாசான் என்ற தேர்வாளரும் உண்டு. ‘வைவா’ என்ற வாய்மொழித் தேர்வுக்குப் போகும் மாணவர்கள் அவரை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். இவ்வளவும் சில அடிகளில் அடங்கியிருப்பது வியப்புதான். எட்டிலும் பதினொன்றிலும் இல்லாதது ஒன்றுதான்: நூல் கண்ட முடிவு.

பாயிரத்தின் குறை என்று இதைச் சொல்ல முடியாது. பாயிரம் கேட்கிறவர் நூலைப் பாடம் கேட்கத்தான் போகிறார். ஆசிரியர் முன்னால் இருக்கிறார். பொருள் அங்கே வரும். நூலுக்குப் பதிலாகப் பாயிரத்தைப் படிக்கும் வாசகரை அந்த மரபு நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆன் ஆர்பர் நுண்படக்காரர்களுக்கோ அவர்தான் முதல் வாசகர். நன்னூலிலிருந்து உப்சி மாணவரின் மேசை வரைக்கும் நேர்க்கோடு இழுக்க நான் துணியமாட்டேன். ஆனால் எதை முன்னால் சொல்வது முறை, எதைச் சொன்னால் முந்திரிக்கொட்டைத்தனம் என்ற உணர்வு ஒரு மொழியில் தலைமுறை தலைமுறையாக வருவது. அவையடக்கம் பாடிவிட்டுக் காப்பியம் தொடங்கிய மரபில் வந்தவருக்கு, முதல் பக்கத்திலேயே ‘நான் கண்டது இது’ என்று எழுதக் கை கூசுவதில் ஆச்சரியமில்லை.

பாயிரத்தில் இருந்து இன்றைய சுருக்கத்துக்குக் கடன் வாங்க வேண்டியது ஒன்றும் உண்டு: கேட்போர். ஸ்வேல்ஸ் வழிவந்த பட்டியல்களில் அது தனி நகர்வாக இல்லை. யாருக்குச் சொல்கிறோம் என்று ஒரு முறை யோசித்திருந்தால் மேலே காட்டிய பாவனைச் சுருக்கம் அப்படி எழுதப்பட்டிருக்காது.

அந்தக் கேள்வி மலேசியாவில் மொழிச் சிக்கலோடு பின்னிக்கொண்டிருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டு வழிகாட்டி 500 சொல்லுக்கு மேற்படாத சுருக்கத்தை மலாயிலும் ஆங்கிலத்திலும் கேட்கிறது. ஆய்வேடு தமிழில் இருந்தால் மாணவர் ஒரே செய்தியை மும்மொழியில் எழுத வேண்டிவரும். தமிழில் யோசித்து, மலாயில் எழுதி, ஆங்கிலத்துக்கு நண்பரையோ இணைய மொழிபெயர்ப்பையோ நம்புவது வழக்கமாகிவிட்டது. மூன்றையும் ஒப்பிட்டால் மூன்று ஆய்வுகள் தெரியும். கற்பனைக்கு ஒன்று சொல்கிறேன்: தமிழில் ‘மாற்றம் காணப்பட்டது’ என்று அடக்கமாக நிற்பது ஆங்கிலத்தில் புள்ளியியல் மணக்கும் ஒரு சொல்லோடு வந்து நிற்கும், சோதனையே நடக்காமல். சொல் வரம்பும் மூன்று மொழிக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ‘எழுதவேண்டியிருந்தது’ என்று தமிழில் ஒரு சொல்லாக எண்ணப்படுவது ஆங்கிலத்தில் மூன்று நான்காகும். ஆகவே தமிழில் 500 சொல் என்பது தாராளம். அந்தத் தாராளத்தில்தான் தொன்மைப் பெருமை நுழைகிறது.

வேற்றுமொழிச் சுருக்கத்தைச் சுமையாக மட்டும் பார்ப்பதும் சரியல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் மு. வரதராசன் 1948-இல் முனைவர் பட்டம் பெற்றது சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி. ஆய்வேடு முழுதும் ஆங்கிலத்தில். க. கைலாசபதி தமிழ் வீரயுகப் பாடல்களைப் பற்றிப் பர்மிங்ஹாமில் எழுதியதும் ஆங்கிலத்திலேயே. 1956-இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு 1961-இல் தலைமையேற்ற தனிநாயகம் அடிகள், அதற்கு முன்பே 1952 முதல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்ற ஆங்கில ஏட்டை நடத்தி, தமிழறியாத அறிஞர் முன் தமிழை வைத்தவர். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது அந்த உழைப்பின் தொடர்ச்சி. இன்று தமிழில் ஆய்வேடு எழுதும் உரிமை மாணவருக்கு இருக்கிறது. வெளியாருக்கு அதில் திறந்திருக்கும் ஒரே கதவு அந்த மலாய்ப் பக்கமும் ஆங்கிலப் பக்கமும்தான். மலாய்க்கார ஆய்வாளர் ஒருவர் தோட்டப்புறக் கல்வி பற்றித் தேடும்போது அவர் கைக்குக் கிடைப்பது ‘ஆசிரியர்களுக்குத் துணைபுரியும்’ என்ற வாக்கியம் என்றால், அவர் அடுத்த ஆய்வேட்டுக்குப் போய்விடுவார். இத்தனை ஆண்டு ஆய்வு பொது விவாதத்தில் மேற்கோளாக வராததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இலக்கிய மாணவர்கள் ஒரு மறுப்பு வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆய்வில் ‘முடிவு’ என்று ஒன்று பிரித்தெடுக்க வராது, நாங்கள் ஒரு நாவலை வாசிக்கிறோம், அறிவியல் அச்சை எங்கள் மேல் திணிக்காதீர்கள் என்கிறார்கள். பாதி நியாயம். தலைப்பிட்ட மருத்துவச் சுருக்கத்தை நாவல் ஆய்வுக்குப் போட்டால் அபத்தமாகத்தான் இருக்கும். ஆனால் வாசித்தவருக்கு ஒரு வாதம் இருக்கும் அல்லவா? அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்தவர் எழுதியது, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ சயாம் மரண ரயிலைப் பற்றி இந்த மண்ணில் வாழ்ந்தவர் எழுதியது. இரண்டையும் ஒப்பிடும் மாணவர், வெளியிலிருந்து வந்தவர் கண்ணுக்குத் தோட்டம் எப்படித் தெரிகிறது, உள்ளிருந்தவர் எதை விளக்காமலே விட்டுப்போகிறார் என்பதைப் பற்றி ஏதோ ஒரு முடிவுக்கு வந்திருப்பார். அந்த நிலைப்பாட்டை இரண்டு வாக்கியத்தில் சொன்னால் போதும். இயல் பட்டியலுக்கு அங்கே வேலை இல்லை. மானுடக் கலைத் துறையினர் முறையை விட்டுவிட்டும் முடிவை விடவில்லை என்று ஹைலண்ட் கண்டதும் இதுதான்.

கற்பிக்கும் இடத்தில் என்ன செய்யலாம் என்பதற்குப் பெரிய திட்டம் வேண்டாம். வழிகாட்டி நூல்களை மாணவர் படிப்பதில்லை. சென்ற ஆண்டு அக்காள் எழுதிய ஆய்வேட்டைத்தான் பார்த்து எழுதுகிறார்கள். ஆகவே நல்ல சுருக்கம் எழுதிய அக்காள் ஒருவரைத் துறையே தேடிக் கொடுப்பது வழிகாட்டியைவிடப் பலிக்கும். நான்காம் இயல் முடிந்த வாரத்திலேயே, இயலைத் திறக்காமல், என்ன தெரிந்தது என்று மாணவரை வாயால் சொல்லவைத்து அதையே எழுதச் சொல்லலாம். பேச்சில் ‘நல்ல பலன்’ என்று யாரும் சொல்வதில்லை; ‘ழானாவைத் திருத்திட்டோம் சார், ளானாதான் போகமாட்டேங்குது’ என்பார்கள். சுருக்கத்துக்கு வேண்டிய வாக்கியம் அதுதான், எழுத்து நடைக்கு மாற்றினால் போதும். பாவனைச் சுருக்கத்தை அப்படி மாற்றினால் தொன்மை வாக்கியம் தானாக விழுந்துவிடும், துணைபுரியும் என்ற கடைசி வாக்கியமும் போய்விடும். அந்த இடத்தில் எந்த எழுத்துக்கு எந்தப் பயிற்சி உதவவில்லை என்பது வரும். உதவாததைச் சொல்ல மாணவர் தயங்குகிறார். நெறியாளர் தயங்கக் கூடாது.

கடைசியாகத் தமிழ்ச் சுருக்கத்தின் கதி. ஆய்வேடு தமிழில் இருந்தாலும், களஞ்சியத்தில் தேடும்போது முன்னால் வருவது மலாய், ஆங்கிலச் சுருக்கங்கள். தமிழ்ப் பக்கம் பிடிஎஃப் கோப்புக்குள் கிடக்கிறது. சில சமயம் பழைய எழுத்துருவில் தட்டச்சாகி, தேடினால் அகப்படாத குறிகளாக மாறியிருக்கிறது. களஞ்சிய மென்பொருள்கள் யூனிகோடை ஏற்றுக்கொள்பவைதான். தலைப்பையும் சுருக்கத்தையும் தமிழ் யூனிகோடில் ஒட்டுவது நூலகத்துக்குச் சில நிமிட வேலை. துறை எழுத்து மூலம் கேட்டால் நடக்கக்கூடியது. 2017-இல் தனி மாவட்டமான பாகான் டத்தோவில், தோட்டப் பள்ளியில் முன்சோதனைக்குத் தாளை நீட்டிய ஆசிரியையும், லயத்து வாழ்க்கையை மணிக்கணக்கில் சொல்லிப் பதிவு செய்யவிட்ட பெரியவரும் ஆய்வேட்டின் பிரதியைப் பார்ப்பதில்லை. நன்றியுரையில் அவர்களுக்கு ஒரு வரி இருக்கும். தமிழ்ச் சுருக்கத்தை ஒரு தாளில் அச்செடுத்துப் பள்ளிக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் அனுப்புவதை ஆய்வு ஒப்படைப்பின் ஒரு பகுதியாகத் துறைகள் ஆக்கலாம். அந்தத் தாளை ஆசிரியை படித்துவிட்டு, ‘சரி, இதில் ளானாவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாய்?’ என்று கேட்பார்.